இன்னும் இறங்காத வேங்கை

ஒரு காட்டோரத்து ஊர்ல நல்லாண்டின்னு ஒரு மரவெட்டி இருந்தான். கோட்டைக்குக் கதவு செய்ய ராஜாவுக்கு வேங்கை மரம் வேணுமாம். வேங்கையைக் கரையான் தொடாதில்லையா, அதான். அரண்மனை மணியக்காரன் வந்து, "மூணு நாள்ல மரம் சாயணும். இல்லைன்னா உன் தலை சாயும்"னுட்டான்.

அந்த ஊர்ல பெரிய மரத்தை எடுத்ததும் வெட்ட மாட்டாங்க. தினம் ஒரு தடவை கோடாலியோட பின்பக்கத்தால தட்டி, "குடியிருக்கிறவங்க இறங்குங்க"ன்னு சொல்லணும். மூணாம் நாள் சத்தமில்லைன்னாத்தான் வெட்டு.

முதல் நாள் தட்டினான், மைனாக்கூட்டம் பறந்துச்சு. ரெண்டாம் நாள் தட்டினான், மரநாய் இறங்கி ஓடுச்சு. மூணாம் நாள் தட்டினான், மரத்துக்குள்ளேர்ந்து ஒரு குரல் மெதுவா, "நான் இன்னும் இறங்கல"ன்னுச்சு.

நல்லாண்டி அங்கேயே நின்னான். ஏன் ஓடலைன்னு கேக்காதீங்க, மரம் சாயுதான்னு பாக்க சேவகங்களோட வந்த மணியக்காரன் பின்னாடி வாளோட நிக்கிறான், எங்க ஓடுறது?

"வெட்டுடா!"

"உள்ள ஆள் இருக்கு எசமான். இன்னும் மூணு நாள் பொறுங்க."

"யாரு, உன் மாமியாளா?" வந்த சேவகங்க எல்லாம் சிரிச்சாங்க.

நல்லாண்டிக்கு வாளும் பயம், அந்தக் குரலும் பயம். ஆனா குடியிருக்கிற வீட்டை எப்படி இடிக்கிறது? கோடாலியைக் கீழ வச்சிட்டான். "தலையை எடுத்துக்கோங்க எசமான். நான் வெட்ட மாட்டேன்."

"முதல்ல மரம், அப்புறம் நீ"ன்னு மணியக்காரன் கோடாலியை எடுத்தான். ஒரு வெட்டு வெட்டினான், ரத்தம் மாதிரி செவப்பா வழிஞ்சுது. "வேங்கைப் பிசின்டா, பயந்தாங்கொள்ளிங்களா!"ன்னான். ரெண்டாவது வெட்டினான், முழங்கை வரைக்கும் செவப்பு. மூணாவது வெட்டினான், மரம் வாயைத் தொறந்துச்சு. கோடாலி உள்ள போச்சு, கை போச்சு, தோள் போச்சு, "ஐயோ"ன்ன பாதிச் சத்தமும் போச்சு. பட்டை மூடிக்கிச்சு. ஒரு கீறல் கூட இல்ல.

சேவகங்க ஓடியே போயிட்டாங்க. நல்லாண்டி மட்டும் ராஜாகிட்ட போய் நின்னான்.

"மரம் எங்கடா?"

"அதுல ஆள் குடியிருக்கு ராசா."

"யாரு?"

"முந்தி யாருன்னு தெரியாதுங்க. இப்ப நம்ம மணியக்காரர்."

ராஜா கோட்டை வாசலுக்குத் தென்னங்கீத்துத் தட்டியே கட்டிக்கிட்டார்.

அடுத்தவங்க குடியிருக்கிற எடத்துல கை வச்சா இதான் கதி. கதை காட்டுக்குப் போயிடுச்சு, நீங்க பாய்க்குப் போங்க.