தொண்ணூறாம் நாள்

"சாமி, என்னை எப்போ நிரந்தரம் பண்ணுவாங்க?"

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் சிவக்கொழுந்து கேட்டுவிட்டான். பதினாலு வருஷமாக இதே கேள்விதான்.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் அவன். நகராட்சியில் தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை, தொண்ணூறாம் நாள் பிரேக். அன்றைக்கு மட்டும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்காது. மறுநாள் புது ஆளைப் போல மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று எவனும் நிரந்தரம் கேட்டு வந்துவிடக் கூடாதே, அதற்காக யாரோ ஒரு மகா புத்திசாலி கண்டுபிடித்த ஏற்பாடு. காகிதத்தின்படி சிவக்கொழுந்துக்குப் பதினாலு வருஷ அனுபவம் கிடையாது. எண்பத்தொன்பது நாள் அனுபவம்தான், ஐம்பத்தாறு தடவை.

பிரேக் நாளில் அவனுக்குப் போக்கிடம் குன்றடி ஆசிரமம். சாமி அவனைவிட எட்டு வயது இளையவர். அதனால் சீடனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

"உலகத்துல எதுண்ணே நிரந்தரம்?" என்றார் சாமி.

"எங்க கமிஷனரும் இதையேதான் சொல்றார் சாமி. அவர் நிரந்தரமான ஆளு, சொல்லலாம்."

சாமி, சீடன் கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து நிதானமாகத் தின்றார்.

"அடுத்த மாசம் நிரந்தரப் பட்டியல் அனுப்புறாங்களாம்" என்றான் சிவக்கொழுந்து. "பிரேக் நாள்லயும் வேலை பார்த்தேன்னு ஒரே ஒரு அத்தாட்சி இருந்தா என் பேரும் போகும். இந்தத் தடவை விட்டா எனக்கு வயசு தாண்டிடும் சாமி."

பாவம், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்குக் காலையில தண்ணி யாருண்ணே திறந்தது?"

"நான்தான்."

"இன்னைக்குத்தான் நீங்க வேலையில இல்லையே?"

"வேற யாருக்குத் தெரியும் சாமி? மொத்தம் பதினேழு வால்வு. தேர்முட்டித் தெருவுக்கு எட்டரைச் சுத்து. அரைச் சுத்து கூடிப்போச்சுன்னா குழாய் புட்டுக்கும். சாயங்காலம் நாலு மணிக்கும் நான்தான் போய்த் திறக்கணும்."

சாமி எழுந்தார். சிவக்கொழுந்தின் சைக்கிளில் கட்டியிருந்த வால்வு சாவியை உருவினார். நெஞ்சுயரத்துக்கு இருக்கும் இரும்புக் கம்பி அது. நேரே முருங்கை மரத்தடிக்குப் போய் அதை வைத்துக் காய் பறிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிவக்கொழுந்து பதறிப்போனான்.

"ஐயோ சாமி! அது நகராட்சிச் சொத்து!"

"அப்படியா? வேலையில இல்லாத ஆள்கிட்ட நகராட்சிச் சொத்து எப்படிண்ணே வந்துச்சு?"

சாமி நாலு காயைப் பறித்துப் போட்டுவிட்டு, சாவியை மடியில் கிடத்திக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்தார். தியானத்தில் இருக்கிறவரைத் தொடக் கூடாது. ஆசிரமத்தில் இருக்கிற ஒரே சட்டம் அதுதான்.

மணி நாலானது.

சிவக்கொழுந்து கனைத்துப் பார்த்தான். செம்பை உருட்டிப் பார்த்தான். "ஊரே தவிக்குமே சாமி" என்று காதருகே புலம்பினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் குழாய் தனி, அதை யாரும் மூடுவதில்லை என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

ஐந்தரைக்கு ஜீப் வந்தது. இன்ஜினியர் குதித்து இறங்கினார்.

"யோவ் கொழுந்து! இங்க என்னய்யா பண்றே? ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்குது. கமிஷனர் வீட்டுலயே தண்ணி இல்லை! பதினாலு வருஷமா ஒரு நாள் தவறாம வந்த ஆளு, இன்னைக்கு என்னய்யா வந்துச்சு உனக்கு?"

சாமி கண்ணைத் திறந்தார். தனக்காக ஏதாவது பேசுவார் என்று சிவக்கொழுந்து ஆவலாகப் பார்த்தான்.

சாமி சாவியை எடுத்து நீட்டினார்.

"போயிட்டு வாங்கண்ணே."

சிவக்கொழுந்து வாங்கிக்கொண்டு ஓடினான். பழக்க தோஷம், கால்கள் தாமாகவே ஓடின. ஜீப்பில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்தவன், அப்படியே நின்றான்.

பிறகு இறங்கித் திரும்பி வந்தான். சாவியை இன்ஜினியர் கையில் கொடுத்தான்.

"என்னய்யா இது?"

"இன்னைக்கு நான் வேலையில இல்லை சார்."

"விளையாடாதய்யா. நீ இல்லாம யாரு திறக்கிறது?"

"நானே திறக்கிறேன் சார். சிவக்கொழுந்து வேலை பார்த்தான்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க."

இன்ஜினியர் சாமியைப் பார்த்தார். அவர் மறுபடியும் தியானத்துக்குப் போய்விட்டார். சட்டைப்பையில் போன் அடித்தது. கமிஷனர் வீட்டம்மா. இன்ஜினியர் போனை எடுக்கத் துணிவில்லாமல் பேனாவை எடுத்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து மளமளவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"போதுமா? ஏறு, ஏறு!"

சிவக்கொழுந்து ஏறவில்லை. நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் படித்தான். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினான்.

"தேதி போடலையே சார்."