ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்

செங்கமலத்தம்மையாரின் குடிலுக்கு நல்லசிவம் இரண்டு மாதம் கழித்து அன்றுதான் வந்தார். அம்மையாரைவிட வயதில் மூத்த சீடர் அவர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்திருந்தது. மகள் பரிமளம் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.

"படிச்ச பாட்டெல்லாம் பாதியில நின்னுபோகுதும்மா."

"மெதுவா வரும்."

"டாக்டரும் அதான் சொல்றார். வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படிக் குழம்புமாம். பெரும்பாலும் சரியாயிடுமாம். நான் அதுக்கு வரலை."

அவர் குரல் இறங்கியது.

"கண் முழிச்சதும் இவளைப் பார்த்து 'திருடி'ன்னு கத்தியிருக்கேன். கையில இருந்த ஊசியைப் பிடுங்கி எறிஞ்சேனாம். எனக்கு எல்லாம் புகையா இருக்கு. இவ அழுத முகம் மட்டும் நிக்குது. தாயில்லாம நான் வளர்த்த பொண்ணு. என் மனசுக்கு அடியில கிடந்தது இதுதானாம்மா?"

வெளியே கால் கழுவிக்கொண்டிருந்த மகளை எட்டிப் பார்த்தார்.

"முதியோர் இல்லத்துக்குப் போயிடலாம்னு பார்க்கிறேன். மறுபடியும் ஏதாவது சொல்லிட்டா?"

பரிமளம் ஈரக்காலோடு வந்தாள்.

"அப்பா உன்னைத் திருடின்னாராமே. எதைத் திருடினியாம்?" என்று கேட்டார் அம்மையார்.

"அது எதுக்கும்மா இப்ப? மயக்கத்துல பேசினது."

"சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"'என் பிள்ளையை எங்கேடி ஒளிச்சு வெச்சிருக்கே, திருடி'ன்னு என் கையைப் பிடிச்சு உலுக்கினாங்க. 'அவளுக்கு இருட்டுன்னா பயம், என்கிட்ட கொடுத்துடு'ன்னாங்க. நான்தாம்ப்பா பரிமளம்னு சொல்றேன், நம்பலை. 'அவ இத்தனூண்டு இருப்பா'ன்னு கையைத் தாழ்த்திக் காட்டினாங்க."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நல்லசிவம் மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன்மா அழுதே?"

"திட்டினதுக்கா அழுதேன்?"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "இவகிட்ட எப்படிம்மா மன்னிப்புக் கேட்பேன்?"

அம்மையார் பரிமளத்தின் கையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? தேடின பிள்ளை கிடைச்சாச்சுன்னு சொல்லுங்க."