இரண்டு காட்டுக்கும் ஒரே குடுக்கை

மலைக்காட்டில் கூரி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அந்தக் காட்டுக்குக் கணக்குப்பிள்ளை அதுதான்.

மலைக்காடும் அடிவாரத்து ஆற்றங்கரைக் காடும் சேர்ந்து, கோடைக்கென்று ஒரு குகையில் காய்ந்த இலந்தைப்பழமும் இலுப்பைப்பூவும் சேர்த்து வைப்பது வழக்கம். மலைக்காட்டிலிருந்து போகும் ஒவ்வொரு சுமைக்கும் கூரி முள்ளால் பாறையில் ஒரு கோடு கீறும். ஆற்றங்கரைக் காட்டில் துடுப்பன் என்ற நீர்நாய் சுமைக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வைக்கும். குகைக்குக் காவல் நரி.

அந்த வருஷம் இரு காட்டிலிருந்தும் நாற்பது நாற்பது சுமை வந்தது. குகை நிறைந்ததும் நரி நேரே மலைக்காட்டுத் தலைவர் கரடியிடம் போனது.

“தலைவரே, சும்மா கோடு கீறுறதுக்கு ஒரு ஆளா? அதுக்கு ஒரு பங்கு சாப்பாடு வேறயா? மைனாகிட்ட நான் தினமும் நிலவரம் சொல்றேன். அது காடு முழுக்கப் பறந்து சொல்லிடும்!”

கரடிக்கு அது சரியென்று பட்டது. எல்லோர் முன்னாலும் கூரியைக் கூப்பிட்டு, “இனி நீ வேண்டாம்!” என்று சொல்லிவிட்டது. கூரி முட்களை ஒடுக்கிக்கொண்டு நடந்தது. பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

மைனா தினமும் பறந்தது. “குகை நிறைய இருக்கு! கவலையே வேண்டாம்!” எல்லோரும் கைதட்டினார்கள்.

கோடை வந்தது. புல் கருகியது. சில முறை பங்கு வாங்கிய பிறகு, மறுபடி குகைக்குப் போனவர்கள் திகைத்து நின்றார்கள். மூலையில் கொஞ்சம்தான் கிடந்தது!

“ஆற்றங்கரைக்காரங்க அள்ளிட்டாங்க!” என்றது மலைக்காட்டு மிளா மான்.

“திருடினது நீங்க!” என்று உறுமியது ஆற்றங்கரைக் காட்டுப்பன்றி. “மூணாம் நாள் காலையில வாங்க. யார் கொம்பு பெரிசு, யார் கோரைப்பல் பெரிசுன்னு பார்த்துடலாம்!”

நரி இரண்டு பக்கமும் போய், “விடாதீங்க!” என்று ஏற்றிவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட கூரிக்கு முதலில் உள்ளூர ஒரு திருப்தி. ‘என்னை விரட்டினார்கள் அல்லவா, அடித்துக்கொள்ளட்டும்!’ ஆனால் வழியில் நிறைமாத மான் ஒன்று வெறும் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கூரிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அப்படியே திரும்பி ஆற்றங்கரைக்கு நடந்தது.

“துடுப்பா, உன் கணக்கும் என் கணக்கும் சேர்த்துப் பார்க்கணும்.”

நீர்நாய் தலையைச் சொறிந்தது. “எங்கே சேர்க்கிறது? உன் கீறல் எனக்குப் புரியாது. என் கல் உனக்குப் புரியாது.”

“அதான் நம்ம தப்பு! நமக்கு மட்டும் புரிஞ்சாப் போதும்னு இருந்துட்டோம். சரி, உங்க ஊர்ல ஒரு சுமைன்னா எவ்வளவு?”

“ஒரு குரங்கு தூக்குற அளவு.”

“ஐயோ! எங்களுக்கு ஒரு மிளா சுமக்கிற அளவு!”

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு கரையில் கிடந்த காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்தன. மிளாச் சுமை ஆறு குடுக்கை. குரங்குச் சுமை இரண்டு குடுக்கை. ஆக, குகைக்குப் போனது மொத்தம் முந்நூற்று இருபது.

துடுப்பன் முகம் வாடியது. “எங்க பங்கு வெறும் எண்பதுதானா? இதை வெளியே சொல்லணுமா?”

“சொல்லித்தான் ஆகணும்.”

இரண்டு நாள் இருவரும் ஒரு பொந்து விடாமல், ஒரு புதர் விடாமல் போய், யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டார்கள். நூற்று நாற்பது குடுக்கை.

மூன்றாம் நாள் காலை. குகை வாசலில் இரு காடும் எதிரெதிரே நின்றன. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறியது. கூரி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் போய் நின்றது.

“நிறுத்துங்க! குகைக்கு வந்தது முந்நூற்று இருபது குடுக்கை. நீங்க எல்லாரும் சேர்ந்து வாங்கினது நூற்று நாற்பது. மீதி நூற்று எண்பது உள்ளே இருக்கணும்!”

“முள்ளு சொல்றதை எல்லாம் நம்புறதா?” என்று கத்தியது நரி.

“என்னை யாரும் நம்ப வேண்டாம்! இதோ குடுக்கை. மிளா அண்ணே, நீங்க அளங்க. பன்றி அண்ணே, நீங்க எண்ணுங்க!”

மிளா அளந்தது. பன்றி எண்ணியது. அறுபதோடு நின்றுவிட்டது.

“நூற்று இருபது எங்கே?” என்றது கரடி.

துடுப்பன் முன்னால் வந்தது. “எங்க பங்கு குறைவுதான், அதை ஒத்துக்கிறோம். அடுத்த மழைக்கு ஈடு பண்றோம். ஆனா நாங்க திருடலை!”

கரடி மைனாவைப் பார்த்தது. “நிறைய இருக்குன்னு சொன்னியே?”

“நரி சொன்னதைச் சொன்னேன். என்னை யாரும் எண்ணச் சொல்லலையே!” என்று அழுதது மைனா.

எல்லாக் கண்களும் நரி மேல் திரும்பின. அது ஓடப் பார்த்தது. மிளா கொம்பால் மறித்தது. நரியின் வளைக்குள் புகுந்து அளந்தால் நூற்றுப் பதினொரு குடுக்கை! ஒன்பதைத் தின்று தீர்த்திருந்தது. அன்றே நரியைக் காட்டை விட்டு விரட்டினார்கள்.

மீட்டதை அதே குடுக்கையால் பங்கிட்டார்கள். முதல் பங்கு அந்த நிறைமாத மானுக்கு. அந்தக் கோடையில் ஒரு உயிரும் பட்டினி கிடக்கவில்லை.

கரடி எல்லோர் முன்னாலும் தலை குனிந்து, “கூரி, தப்பு என் மேல. திரும்பி வா!” என்றது.

“வர்றேன். ஆனா இனிமே ரெண்டு காட்டுக்கும் ஒரே அளவு, ஒரே கோடு. வருஷத்துக்கு ஒரு தடவை என் கணக்கைத் துடுப்பன் பார்ப்பான், அவன் கணக்கை நான் பார்ப்பேன்!”

“அப்போ மைனா?” என்று கேட்டது கரடி.

“எண்ணக் கத்துக்கட்டும். பறக்கத் தெரிஞ்ச கணக்குப்பிள்ளை நமக்குத் தேவை!”

மைனா கற்றுக்கொண்டது. மலை தாண்டிப் பறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது மழைக்காலத்தில், பெயர்கூடத் தெரியாத ஒரு காட்டிலிருந்து ஒரு மயில் மரப்பட்டை ஒன்றைக் கொண்டுவந்து கூரியின் முன் வைத்தது. அதில் வரிசையாகக் கோடுகள்.

“எங்க காட்டுக் கணக்கு. சரியான்னு பார்த்துச் சொல்லுவீங்களா?”

கூரி பார்த்தது. ஒரு கோடுகூட விடாமல் அத்தனையும் புரிந்தது! போன இடமே இல்லை, பார்த்த முகமே இல்லை. ஆனால் அங்கே யார் கொடுத்தார்கள், யாருக்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கூரியின் முட்கள் அத்தனையும் பூரிப்பில் சடசடத்தன. “துடுப்பா, ஓடி வா!” என்று அது போட்ட சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது.

எல்லோருக்கும் ஒரே அளவும், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய நேர்மையான கணக்கும் இருந்தால், முகம் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் நம்பி வாழலாம்.