புல்லுக்கு அடித்த மொட்டை

புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்குக் கோணமடைக்காரர்கள் யாரும் ஊரில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததாம். திரும்பி வந்து பார்த்தால் அண்டா காலி. அதற்காக அவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. புத்தி இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நான் பெயர் சொல்லமாட்டேன்.

அந்தக் கோணமடையிலிருந்து மூன்று பேர் வளைகுடா நாட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போனார்கள். மூத்தவன் வெயிலுமுத்து. யோசிக்கிற பொறுப்பு அவனுடையது. அடுத்தவன் மந்திரமூர்த்தி, எதிலும் சந்தேகம் கேட்பான். மூன்றாமவன் இசக்கி. அவன் எது சொன்னாலும் "சரிண்ணே" என்பான், பிறகு அதை அப்படியே செய்தும் விடுவான். அதுதான் அவனிடம் உள்ள ஆபத்து.

போன இடம் பாலைவனத்து ஓரத்தில் ஒரு பெரிய பங்களா. திரும்பின பக்கமெல்லாம் மணல். வெயில் என்றால் நம்ம ஊர் சித்திரை அங்கே மார்கழி. அந்த மணலுக்கு நடுவே, பங்களா வாசலில், பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரு புல்தரை. அங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள். அந்த அர்பாப்புக்குப் புல்தரை மேல் உயிர்.

மூவரும் குனிந்து புல்லைப் பார்த்தார்கள். மந்திரமூர்த்தி ஒரு இணுக்கைக் கிள்ளி முகர்ந்தான்.

"ஏ, இது நம்ம ஊரு அருகம்புல்லுலா. வயக்காட்டுல இதைப் புடுங்குறதுக்குல்லா நமக்குக் கூலி குடுப்பாவ."

"இங்க வளக்கதுக்குக் கூலி" என்றான் வெயிலுமுத்து.

"அப்போ இங்க வளத்து நாமளே புடுங்குனா ரெண்டு கூலியாண்ணே?" என்றான் இசக்கி.

அது நல்ல கேள்வி என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இவர்களுக்கு மேலாள் தவசிக்கனி அண்ணாச்சி. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பாவம், நல்ல மனுஷன். அவருக்கு உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று மகள் செல்வக்கனி. இன்னொன்று தலைமுடி. அந்த வயதிலும் நெற்றியில் சுருண்டு விழும். மை பூசி, தேங்காயெண்ணெய் தேய்த்து, வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடி முன் நின்று தானே மெச்சிக்கொள்வார். செல்வக்கனிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணாச்சி லீவு கேட்டார்.

கோடையைக் கழிக்கக் குளிர்தேசத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அர்பாப் சொன்னார்: "ஆவணிப் பிறப்புக்கு நான் வந்துவிடுவேன். அன்றைக்கு என் புல் பச்சையாக இருந்தால் உனக்கு லீவு. காய்ந்து கிடந்தால் மகள் கல்யாணத்தை போனில் பார்த்துக்கொள்."

அந்தக் கோடையில் அண்ணாச்சிக்கு வேலை தூரத்தில் இருந்த பேரீச்சந்தோட்டத்தில். அதனால் போகுமுன் மூவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. சூரியன் தலை காட்டுறதுக்கு முந்தியே தண்ணி விட்டுரணும். வெயில் ஏறுன பொறவு புல்லுமேல ஒரு சொட்டு இருக்கப்படாது. மேலாப்புல தெளிச்சாப் பத்தாது, ஒரு சாண் ஆழம் இறங்கணும். இறங்கியிருக்கான்னு பாக்க இந்த ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்க. சுளுவா இறங்குனா தண்ணி போதும். ஒட்ட வெட்டாதீங்க. கொஞ்சம் ஒசரமா விட்டாத்தான் புல்லு தன் வேருக்குத் தானே நெழல் குடுக்கும். கோடையில உரம் கிரம்னு போட்டுத் தொந்தரவு பண்ணாம அதை ஓய்வா விடுங்க. எம் பொண்ணு கல்யாணம் உங்க கையில இருக்குப்பா."

"சரிண்ணாச்சி" என்றான் இசக்கி, ஸ்க்ரூடிரைவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு. அதன்பிறகு அவன் அதைத் தூக்கத்திலும் எடுக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் தண்ணீர் விட்டார்கள். இசக்கி குத்திப் பார்த்தான், சுளுவாக இறங்கியது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சூரியன் வந்தது. புல் நுனியெல்லாம் நீர்த்துளி மினுமினுத்தது.

"அண்ணாச்சி என்ன சொன்னாரு? வெயில் ஏறுன பொறவு ஒரு சொட்டு இருக்கப்படாதுன்னாரு" என்றான் வெயிலுமுத்து. "இங்க எத்தனை சொட்டு கெடக்கு பாத்தியா."

மூவரும் துண்டை எடுத்தார்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்து, இணுக்கு இணுக்காக, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துவட்டினார்கள். பாதித் தரை முடிவதற்குள் மீதிப் பாதி தானே காய்ந்துவிட்டது. ஆனால் குனிந்து துவட்டியதில் மந்திரமூர்த்தியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. மூவரும் வேலையை நிறுத்தி அந்தச் சொட்டையே பார்த்தார்கள்.

"வேர்வை தண்ணியில சேருமா?" என்றான் மந்திரமூர்த்தி.

"நக்கிப் பாரு" என்றான் வெயிலுமுத்து.

"உப்புக் கரிக்கு."

"அப்போ அது கடல்தண்ணி. கடல்தண்ணியும் தண்ணிதான்."

அதையும் துவட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து மூவரும் தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று துண்டு கட்டிக்கொண்டார்கள். ஆள் நடமாட்டத்தைவிடத் துண்டு நடமாட்டம் அதிகமாக இருந்தது.

ஒரு மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. மர நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. அப்போது வெயிலுமுத்துவுக்கு ஒரு நினைப்பு வந்தது.

"புல்லு நெழல் குடுக்கும்னு அண்ணாச்சி சொன்னாருல்லா. நாம ஏன் வெயில்ல நிக்கோம்?"

அதுவரை இது தோன்றாமல் போயிற்றே என்று மூவரும் வெட்கப்பட்டார்கள். வரிசையாகப் புல்லில் குப்புறப் படுத்தார்கள்.

"நெழல் வருதா?" என்றான் வெயிலுமுத்து.

"மூக்குக்கு மட்டும் வருது" என்றான் மந்திரமூர்த்தி.

"எனக்கு ஒரு கண்ணுக்கு வருதுண்ணே" என்றான் இசக்கி.

"பொறுங்கடே. நாளாக நாளாகப் பெருசா வரும்."

சாயங்காலம் எழுந்தபோது முதுகு அப்பளமாகப் பொரிந்திருந்தது. புல்லில் மூன்று ஆள் உருவம் நசுங்கிக் கிடந்தது. படுத்த இடம் பழுக்கத் தொடங்கிவிட்டது.

பழுப்பைப் பார்த்ததும் பயந்தார்கள். புல்லுக்கு உடம்பு சரியில்லை. உடம்பு சரியில்லாததற்கு ஓய்வு வேண்டும். அண்ணாச்சியே சொல்லியிருக்கிறார். தண்ணீர்க்குழாய் சீறுகிற சத்தத்தில் யார்தான் தூங்க முடியும் என்று அதை அடைத்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடந்தார்கள். பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தபோது மந்திரமூர்த்தி ஓடிப்போய், தனக்குத் தெரிந்த அத்தனை பாஷையிலும், அதாவது தமிழில், "உள்ள சீக்கா கெடக்கு, சத்தம் போடாதீரும்" என்று சொன்னான். இசக்கி புல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆராரோ பாடினான். குரல் நன்றாகத்தான் இருந்தது. புல் தூங்கிவிட்டது. எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் அண்ணாச்சி வந்து பார்த்தார். புல்தரை வைக்கோல் நிறத்தில் கிடந்தது. நடுவில் இசக்கி விசிறிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. கண் கலங்கிவிட்டது.

"பாவிப்பயலுவளா. அவ பொறந்தப்பவும் நான் பக்கத்துல இல்ல, வயசுக்கு வந்தப்பவும் இல்ல. கழுத்துல தாலி ஏறுறதையாவது பாக்கலாம்னு இருந்தேனே."

அதைக் கேட்டு மூவருக்கும் அழுகை வந்தது. கண்ணீர் புல்லில் விழாமல் துண்டில் பிடித்துக்கொண்டார்கள்.

வேரில் உயிர் இருக்கிறதா என்று அண்ணாச்சி கிளறிப் பார்த்தார். அருகம்புல் இல்லையா, அது அவ்வளவு லேசில் சாகாது. அதை அழிக்க நம்ம ஊர் சம்சாரிகள் பரம்பரை பரம்பரையாகப் பாடுபட்டும் முடியவில்லை. அண்ணாச்சி குழாயைத் திறந்து, விடியற்காலையில் தானே திறந்து தானே மூடுகிற கருவி ஒன்றை மாட்டினார்.

"இனிமே இதுல ஒருத்தனும் கை வைக்கப்படாது. சாமியை வேண்டிக்கிட்டுச் சும்மா உக்காருங்க. அது போதும்."

சொன்னபடி செய்தார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள். திருச்செந்தூர் இருக்கும் திசை எது என்று தெரியாததால் மூவரும் மூன்று திசையில் கும்பிட்டார்கள், ஏதாவது ஒன்று போய்ச் சேரும் என்று.

"முருகா, இந்தப் புல்லுக்கு நல்லபடியா சொகமாயிட்டுன்னா மொட்டை அடிக்கோம்" என்றான் வெயிலுமுத்து.

"யாருக்கு மொட்டை?" என்று கேட்டான் மந்திரமூர்த்தி.

"வேண்டுதது நாமதான?"

"வேண்டுதவனுக்கா மொட்டை? எலே இசக்கி, ஒனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ வேண்டுனது யாரு?"

"எங்க அம்மாண்ணே."

"மொட்டை யாருக்கு அடிச்சாவ?"

"எனக்கு."

வெயிலுமுத்து வெகுநேரம் யோசித்தான். சீக்கு யாருக்கோ, மொட்டையும் அவர்களுக்குத்தான். நாட்டு வழக்கம் அதுதானே.

"அப்படியே அண்ணாச்சிக்கு லீவு கெடைக்கணும்னும் வேண்டிருவோமாண்ணே?" என்றான் இசக்கி.

"வேண்டு."

"அதுக்கு என்ன நேர்ச்சை?"

"அதேதான். புதுசா யோசிக்க எனக்கு எங்க தெம்பு இருக்கு?"

பிறகு சும்மா உட்கார்ந்தார்கள். இந்த ஒரு வேலையை அவர்கள் செய்த மாதிரி யாராலும் செய்ய முடியாது. தண்ணீர் தானே வந்தது, தானே நின்றது. ஆவணி நெருங்குகையில் புல் பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றது. அண்ணாச்சி வந்து பார்த்து மூவரையும் கட்டிக்கொண்டார். அன்றைக்கே செல்வக்கனிக்குப் போன் போட்டு, "அப்பா வாரேன் தாயி" என்றார். அவள் அழுதாள், அவரும் அழுதார்.

அர்பாப் வரும் நாள் வந்தது. அண்ணாச்சி விடியற்காலையிலேயே விமான நிலையத்துக்கு அழைக்கப் போனார். பச்சையாக இருந்த புல்லை மூவரும் பார்த்தார்கள்.

"சொகமாயிட்டு" என்றான் வெயிலுமுத்து. "சாமி கடனை நிறுத்தி வைக்கப்படாது."

புல்லைத் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால் இங்கேயே அடித்து, முடியை மட்டும் மூட்டை கட்டிக் கடலில் விட்டுவிடலாம் என்று முடிவானது. மந்திரமூர்த்தி புல்வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெயிலுமுத்து தடுத்துவிட்டான்.

"மிஷின்ல வெட்டுனா அது கிராப்பு. மொட்டைன்னா சவரக்கத்திதான்."

சவரக்கத்தி எடுத்தார்கள். மறுபடி ஒரு தடங்கல்.

"மொத மொட்டை தாய்மாமன் மடியில வச்சுல்லா அடிக்கணும்" என்றான் மந்திரமூர்த்தி. "இவ்ளோ பெரிய புள்ளய எந்த மடியில வைக்க?"

"அதை நம்ம மடியில வைக்க முடியாது. நாம அது மடியில உக்காந்துக்கிடுவோம்."

உட்கார்ந்தபடி, நகர்ந்து நகர்ந்து, சிரைத்தார்கள். மூன்று பேரும் வாய் ஓயாமல் "அரோகரா" சொன்னார்கள். பொறுமையில் குறை சொல்ல முடியாது. மத்தியானத்துக்குள் ஒரு இணுக்கு மிச்சமில்லை. மலையாளத்தார் கடையில் இருந்த சந்தனப்பொடி அத்தனையும் வாங்கிக் குழைத்து, மொட்டையில் எரிச்சல் இருக்கக்கூடாதென்று தரை முழுக்கப் பூசினார்கள்.

கார் வந்து நின்றது. வழியெல்லாம் புல்லின் பச்சையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்த அண்ணாச்சி முதலில் இறங்கினார். இறங்கியவர் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டார்.

அர்பாப் பார்த்தார். மஞ்சள் மஞ்சேரென்று மணக்க மணக்க ஒரு மொட்டைத்தரை. ஓரத்தில் மூட்டை. அதன் பக்கத்தில் கைகட்டி மூன்று பேர்.

"இது என்ன?" என்று கேட்டார். அண்ணாச்சி அவர்களிடம் கேட்டு, அரபியில் மாற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நியாயம் போலப் பட்டதுதான் கொடுமை.

"யாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது?" என்றார் அர்பாப்.

"புல்லுக்கு."

"இப்போது?"

"நல்லா இருக்கு. நேத்துப் பாத்திருக்கணும் நீங்க."

அர்பாப் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் தோளில் கைவைத்தார். "இந்த மூவரையும் இவர்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வா. தனியாக அனுப்பாதே, ஆகாயத்தில் எங்காவது இறங்கிவிடுவார்கள். நீயே கூட்டிக்கொண்டு போ. மகள் கல்யாணத்தையும் முடி. அவசரமாகத் திரும்பாதே, புல் வளரட்டும்."

ஆக, லீவு கிடைத்துவிட்டது.

விமானத்தில் அண்ணாச்சி சந்தோஷத்தில் முடியைக் கோதிக்கொண்டே வந்தார். மூவரும் அந்த முடியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னடே?"

"லீவு கெடைச்சிட்டுல்லா அண்ணாச்சி" என்றான் வெயிலுமுத்து. "அதுக்கும் வேண்டியிருந்தோம்."

அண்ணாச்சியின் கை தலையிலேயே நின்றுவிட்டது. எவ்வளவோ மன்றாடினார். ஆனால் அவரும் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். முருகனுக்கு நேர்ந்ததை இல்லை என்று சொல்ல வாய் வருமா? திருச்செந்தூர்க் கடற்கரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். முடி விழ விழக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கல்யாணப் போட்டோவுல காலத்துக்கும் இந்தத் தலையோடல்லா நிப்பேன்" என்று அவர் புலம்பியது மூவருக்கும் மனதைப் பிசைந்துவிட்டது.

"வெசனப்படாதீக அண்ணாச்சி" என்றான் வெயிலுமுத்து. "முகூர்த்தத்துக்குள்ள வளத்துத் தாரோம். நம்ம கைத்தொழில்லா அது."

முகூர்த்தம் சூரியன் வருவதற்கு முந்தின வேளையில் குறித்திருந்தார்கள். செல்வக்கனி மணையில் இருந்தாள். பக்கத்தில் அப்பா. மொட்டையாக இருந்தாலும் அப்பா வந்துவிட்டார் என்ற பூரிப்பு அவள் முகத்தில் தெரிந்தது. தாலி ஏறியது. அண்ணாச்சி கண்குளிரப் பார்த்தார். பெரியவர்கள் அட்சதை போட்டு, "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்தினார்கள்.

அருகு என்ற பேச்சு காதில் விழுந்ததும் வெயிலுமுத்து வெளியே எட்டிப் பார்த்தான். இன்னும் விடியவில்லை. மூவரும் ஆளுக்கொரு குடத்தோடு மணமேடை ஏறி, அவசரப்படாமல், மேலாப்பாக இல்லாமல், அண்ணாச்சியின் மொட்டையில் நிதானமாக ஊற்றினார்கள். ஊற்றி முடிக்கவும் கிழக்கே சூரியன் தலை காட்டவும் சரியாக இருந்தது. உடனே துண்டை எடுத்து ஒரு சொட்டு விடாமல் துவட்டினார்கள். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

மந்திரமூர்த்திக்கு மட்டும் சந்தேகம்.

"ஒரு சாண் ஆழம் இறங்கியிருக்குமா?"

"இருங்கண்ணே, பாத்துச் சொல்லுதேன்" என்று இசக்கி இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினான்.