செவலை தின்ற விவாகரத்து

புளிச்சான்குளத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு ஓடைதான். அதற்காக எங்களையும் அவர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். நாங்கள் யார் பேச்சையும் கேட்காதவர்கள். அவர்கள் கேட்பவர்கள். சொன்னதைச் சொன்னபடி, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் செய்பவர்கள். ஒரு தடவை சுகாதார நர்ஸ் வந்து, "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆற வைக்கச் சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் அந்த ஊரில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை. அத்தனை பேருக்கும் நாக்கு வெந்திருந்தது.

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்த்தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அவர் முன்னால் இருவரும் ஒரு வைக்கோல் துரும்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் மூன்று தடவை "தீர்ந்துச்சா?" என்று கேட்பார். மூன்று தடவையும் "தீர்ந்துச்சு" என்று சொல்லி, துரும்பை வெடுக்கென்று இழுத்து அறுத்தால் விவாகரத்து முடிந்தது. அறுந்த துரும்பு கூரைக்குக் கீழே கிடக்கக் கூடாது என்பதால் அம்பலம் அதை எடுத்து வெளியே எறிந்துவிடுவார். காகிதம் கையெழுத்து எதுவும் கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சின்னக்காமுவும் மொக்கையனும் இப்படித்தான் பிரிந்தார்கள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. வயலுக்குப் போகும்போதெல்லாம் சின்னக்காமு, "உலையை அடுப்புல வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போவாள். மொக்கையனும் தவறாமல் வைத்துவிடுவான். தீ மூட்ட மாட்டான். "வைக்கத்தானே சொன்ன" என்பான். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் யாராக இருந்தாலும் பொறுக்க முடியாது. நானாக இருந்தால் மூன்று நாள்.

அதற்குப் பிறகு தையல் மிஷின் ஒன்று வாங்கிப்போட்டு, ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டு தனியாகவே இருந்தாள். டவுனில் மாவு மில் வைத்திருக்கும் சுருளிவேல் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். நல்ல பையன். உலையை வைத்தால் தீயும் மூட்டுவான். அவளுக்கும் அவனை மனசாரப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவன் அம்மா கறாரான பெண்மணி. "கல்யாணத்தை ஆபீசுல பதியணும். தைக்குள்ள பதியலைன்னா எங்க அண்ணன் மகளைப் பேசி முடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டாள். அப்போது ஐப்பசி. சின்னக்காமுவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

பதிவு ஆபீஸ் குமாஸ்தா அவளைப் பார்த்துக் கேட்டார்.

"முன்னாடி கல்யாணம் ஆனவங்களா?"

"ஆமா சார். தீத்து விட்டாச்சு."

"அதுக்கு ரெக்கார்டு கொண்டாங்க. அசல் ஒண்ணு, நகல் ஒண்ணு. நகல் அசலோட ஒத்திருக்குன்னு கெஜட்டட் ஆபீசர்கிட்ட பச்சை மையில கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

சின்னக்காமு ஊருக்கு வந்து அம்பலத்திடம் சொன்னாள். அம்பலத்தின் பெயர் வீருசின்னு. அவர் உடனே ஊரைக் கூட்டினார். மொக்கையன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். "நம்ம விவாகரத்தை நானே தேடித் தாரேன், நீ கவலைப்படாத" என்று சின்னக்காமுவுக்குத் தைரியம் சொன்னான். அவனுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. எந்த எண்ணமும் கிடையாது.

"ரெக்கார்டுன்னா என்னா?" என்று ஆரம்பித்தார் அம்பலம்.

"நடந்ததுக்கு அத்தாட்சி" என்றார் தவசி. அவர் ஒரு தடவை ரேஷன் கார்டில் பெயர் திருத்தியவர் என்பதால் அரசாங்க விவகாரம் தெரிந்தவர்.

"நடந்ததுக்கு அத்தாட்சி துரும்புதான?"

"துரும்பேதான்."

"அதைத்தான் அன்னைக்கே வெளிய எறிஞ்சிட்டேனே."

"எறிஞ்சீக. உங்க செவலைப் பசு நின்னுச்சு. தின்னுருச்சு. நான் கண்ணால பார்த்தேன்" என்றான் மொக்கையன்.

எல்லோரும் திரும்பித் தொழுவத்துப் பக்கம் பார்த்தார்கள். பிறகு அம்பலம் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்: "அப்ப ரெக்கார்டு செவலைக்குள்ள இருக்கு."

"ஏழு வருஷமாச்சே. சாணியா வந்திருக்காதா?" என்று தவசி ஒரு சந்தேகம் கிளப்பினார். கூட்டம் கலங்கிப்போயிற்று. மொக்கையன்தான் தெளிவுபடுத்தினான்.

"சாணியா வந்தது வைக்கோலு மாமா. விவாகரத்து எப்படிச் சாணியா வரும்?"

அதுவும் சரிதான் என்று ஊரே தலையாட்டியது. நானாக இருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

"மாமா, அது மாடு" என்றாள் சின்னக்காமு, அழாத குறையாக.

"மாடுதான் ஆத்தா. நாங்க இல்லைன்னு சொல்லலையே. அது அசல். இனி நகல் பாக்கணும்."

நகலுக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. செவலை நாலு ஈற்று ஈன்றிருந்தது. முதல் மூன்றும் கறுப்பு. அவை தள்ளுபடி. கடைசிக் கன்று அதே செவலை நிறம், நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு, இடது காதில் அதே மடிப்பு. "எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கு" என்றார் தவசி.

கெஜட்டட் ஆபீசருக்கும் சிரமம் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் கெஜட்டட் ஆபீசர்தான். அன்று அங்கே நாற்பது மாடுகள் ஊசிக்காகக் காத்திருந்தன.

"என்னய்யா வேணும்?"

"இது அதோடதுதான்னு எழுதிக் குடுங்க சார். பச்சை மையில."

டாக்டர் ஏதோ மாட்டு லோனுக்கு என்று நினைத்துக்கொண்டார். பசுவைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், 'இக்கன்று இப்பசுவோடு ஒத்திருக்கிறது' என்று எழுதி வட்ட முத்திரை குத்தினார். அரசாங்கத்தில் இவ்வளவு சீக்கிரம் நடந்த வேலை அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

பதிவு ஆபீஸில் வேலை அப்படி நடக்கவில்லை. குமாஸ்தா மேஜைக்கு முன்னால் அசலும் நகலும் நின்றன. அசல் அவருடைய வருகைப் பதிவேட்டை மோந்து பார்த்தது.

"என்னய்யா இது?"

"ரெக்கார்டு சார். நகலுக்குப் பச்சைக் கையெழுத்தும் இருக்கு."

குமாஸ்தா பத்து நிமிஷம் கத்தினார். அதில் புரிந்தது இவ்வளவுதான்: "கோர்ட்டுக்குப் போங்க! ஒரு வக்கீலைப் பிடிங்க!"

போனார்கள். கோர்ட்டு வாசல் டீக்கடையில் வக்கீல் அருளானந்தம் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் அவரைப் பிடித்தார்கள். இரண்டு பேர் கையை, இரண்டு பேர் காலை. மொக்கையன் வடையைப் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சாச்சு" என்றார் அம்பலம். "இனி என்னா பண்ணணும்னு அந்த ஆளு சொல்லலையே."

நல்லவேளையாகச் சின்னக்காமு ஓடிவந்து விஷயத்தைச் சொல்லி அவரைக் கீழே இறக்க வைத்தாள். வக்கீலும் பெருந்தன்மையான மனிதர். வடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "ஊர் வழக்கப்படி பிரிஞ்சது செல்லும்மா. ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும். நான் மனு போடுறேன்" என்றார். சின்னக்காமுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மார்கழியில் விசாரணை வந்தது. ஊரே கிளம்பிவந்தது. அசலையும் நகலையும் கோர்ட்டு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டி, வைக்கோல் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். வக்கீல் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

முதல் சாட்சி மொக்கையன். கோர்ட்டு ஊழியர், "நான் சொல்வதெல்லாம் உண்மைன்னு சொல்லுங்க" என்றார். மொக்கையன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி சொன்னார். மொக்கையன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான். ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி, "ஏன்ப்பா பேச மாட்டேங்கிற?" என்றார்.

"நீங்கதாங்கம்மா மொத ஆளாக் கேள்வி கேட்டீங்க. அவரு கேக்கவே இல்ல" என்றான் மொக்கையன்.

அவனை இறக்கிவிட்டு அம்பலத்தை ஏற்றினார்கள். அவர் வழக்கத்தை நன்றாகவே எடுத்துச் சொன்னார்.

"சரி, சும்மா விளையாட்டுக்குத் துரும்பை அறுத்தா?" என்று கேட்டார் ஜட்ஜம்மா.

"விளையாட்டுங்கிறதே அதுல கிடையாதுங்கம்மா. அறுத்தா அறுத்ததுதான். யாரு அறுத்தாலும், எங்க அறுத்தாலும் தீந்துச்சு. சத்தியமாச் சொல்றேன்."

ஜட்ஜம்மாவுக்குத் திருப்தி. ஆனாலும் ஒன்று கேட்டார்: "எப்படிச் செய்வீங்கன்னு என் முன்னாடி அப்படியே செஞ்சு காட்ட முடியுமா?"

மொக்கையனை மறுபடி கூப்பிட வக்கீலுக்குத் தைரியம் வரவில்லை. அம்பலமே தன் மனைவி பெத்தனாச்சியைக் கூப்பிட்டார். செவலைக்குப் போட்ட வைக்கோலிலிருந்து ஒரு நல்ல துரும்பாகத் தவசி உருவிக்கொண்டு வந்தார். அம்பலம் ஒரு முனை, பெத்தனாச்சி ஒரு முனை.

"கேள்வியை யார் கேக்கணும்?"

"பெரியவுக கேக்கணும். இங்க நீங்கதாங்கம்மா பெரியவுக."

"தீர்ந்துச்சா?" என்றார் ஜட்ஜம்மா.

"தீந்துச்சு" என்றார்கள் இருவரும். மூன்று தடவை. மூன்றாம் தடவை பெத்தனாச்சியின் குரல் கொஞ்சம் ஓங்கியே கேட்டதாகச் சொல்கிறார்கள். துரும்பு அறுந்தது. கூரைக்குக் கீழே கிடக்கக் கூடாதே என்று அம்பலம் அதை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். செவலை தின்றது.

வழக்கம் நிரூபணமாயிற்று, சின்னக்காமு பிரிந்தது செல்லும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. சின்னக்காமு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுருளிவேலும் அழுதான். அவர்கள் அழுவதைப் பார்த்து மொக்கையனும் அழுதான். யாரும் கேள்வி கேட்காததால் சத்தம் இல்லாமல் அழுதான்.

வெளியே வந்ததும் அம்பலத்துக்குப் பசித்தது. "ஏத்தா, தூக்குவாளியை எடு" என்றார்.

பெத்தனாச்சி எடுக்கவில்லை. "நான் யாரு உங்களுக்கு?" என்றாள்.

"என்னா விளையாட்டு இது?"

"விளையாட்டுங்கிறதே அதுல கிடையாதுன்னு இப்பத்தான் சத்தியம் பண்ணீக."

அம்பலம் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. வேப்பமரத்தடியிலேயே கூட்டம் கூடியது.

"செஞ்சு காட்டத்தான செஞ்சோம்" என்றார் அம்பலம்.

"நம்ம வழக்கத்துல செஞ்சு காட்டுறதுன்னு தனியா ஒண்ணு இருக்கா மாமா?" என்று தவசி கேட்டார்.

"இல்ல."

"கேட்டது யாரு? சர்க்கார் ஜட்ஜு. இம்புட்டு பலமா இதுக்கு முன்னாடி யாருக்கும் தீந்ததில்ல மாமா" என்றான் மொக்கையன்.

வக்கீல் அருளானந்தம் குறுக்கே வந்து, அதெல்லாம் செல்லாது, வீட்டுக்குப் போங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷத்துக் குடும்பம் மூன்று தீந்துச்சில் தீர்ந்துபோயிற்று என்று அம்பலம் தேம்பித் தேம்பி அழுதார். பெத்தனாச்சி தூக்குவாளியைத் திறந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் சாப்பிட்டேன் என்று என் மனைவியிடம் பிறகு சொல்லியிருக்கிறாள்.

தை பத்தாம் தேதி சின்னக்காமுவுக்கும் சுருளிவேலுக்கும் கல்யாணம் நடந்து பதிவும் ஆயிற்று. மாமியாரே முன்னின்று ஆரத்தி எடுத்தாள். சமையல் கட்டில் மொக்கையனை ஒரு கொப்பரைப் பக்கமும் அண்ட விடவில்லை.

அன்றைக்கே அதே குமாஸ்தா முன்னால், எண்ணெய் வைத்துத் தலைசீவி, அம்பலமும் நின்றார். பக்கத்தில் பெத்தனாச்சி. ஊர் மொத்தமும் சேர்ந்து, திரும்பக் கட்டிக்கொண்டால்தான் சரி என்று அவளைச் சம்மதிக்க வைத்திருந்தது.

"முன்னாடி கல்யாணம் ஆனவங்களா?" என்றார் குமாஸ்தா, நிமிராமல்.

"ஆமா சார்."

"யாரோட?"

"இவளோடதான்."

குமாஸ்தா நிமிர்ந்தார். "தீத்து விட்டதுக்கு ரெக்கார்டு?"

வாசலில் மணிச்சத்தம் கேட்டது. தவசி கயிற்றைப் பிடித்து இழுக்க, செவலை படியேறி உள்ளே வந்தது.

குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். "யோவ், இது போன தடவை கொண்டாந்த அதே ரெக்கார்டுதானய்யா?"

அம்பலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி சார்? போன தடவை இதுக்குள்ள ஒரு விவாகரத்துதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு இருக்கு."

குமாஸ்தா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அடுத்த வருஷம்தான் அவருக்கு ரிட்டயர்மென்ட். பிறகு, எப்படியாவது இவர்கள் போனால் போதும் என்று, மெதுவாகக் கேட்டார்:

"நகல் எங்க?"

"பழைய நகல்ல ஒண்ணுதான சார் இருக்கும். அதான் புதுசுக்குக் குடுத்திருக்கோம். மார்கழியிலயே டாக்டர் சினை ஊசி போட்டுட்டாரு. புரட்டாசியில வந்துரும்."

"அதுவும் கறுப்பா இருந்தா செல்லாது சார்" என்று மொக்கையன் நினைவூட்டினான். "மறுபடி எடுக்கணும்."

அதனால் அம்பலம் இப்போது தன் சமையலைத் தானே செய்துகொண்டு புரட்டாசிக்காகக் காத்திருக்கிறார். தினமும் காலையில் செவலைக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைப்பது பெத்தனாச்சிதான். அவளுக்குப் புருஷன்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஊரே மெச்சுகிறது. நேற்று ஓடைப் பக்கம் போனபோது என் காதாலேயே கேட்டேன். செவலையின் வயிற்றைத் தடவிக் கொடுத்து, அதன் காதோரம் குனிந்து அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்:

"கறுப்பாவே ஒண்ணு போட்டுரு ஆத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும்."