தின்னர் ஊற்றியவன்

"எந்தப் படுபாவி இதுல தின்னர் ஊத்தினான்?"

பட்டறை வாசலிலேயே கத்தினார் கோமதிநாயகம். பழைய சாமான் வாங்கி விற்பதில் முப்பது வருஷம். அவர் பேரம் பேச ஆரம்பித்தால் எதிராளி தான் சொன்ன விலையையே மறந்துவிடுவான். அந்த வாய் இன்று சாபம் விட்டது.

வண்டியிலிருந்து ஒரு வீடியோ கேம் மெஷின் இறங்கியது. காசு போட்டு ஆடுகிற ஆளுயரப் பெட்டி.

மெக்கானிக் ஷமீமாவுக்கு அவர் வயதில் பாதி. சால்டரிங்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"வீட்டுக்காரிக்கு வாதம் வந்து வலது கை விழுந்துபோச்சுல்லா. பட்டனை அமுக்கி, குச்சியை ஆட்டிப் பழகினா விரல் திரும்பும்னாங்க. அதுக்குத்தான் வாங்கினேன். நேத்து பட்டன் விளிம்பு விரலைக் கிழிச்சிட்டு. ரத்தம் வழியுது தாயி, அவளுக்குத் தெரியவே இல்ல. சிரிச்சுக்கிட்டே அமுக்குதா."

ஷமீமா எழுந்து வந்தாள். பட்டனைத் தடவினாள். வெளிறி, ஓரமெல்லாம் வெடித்து, ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"தின்னர்தான். அழுக்கு ஒரு நிமிஷத்துல போயிரும். விக்கிற அன்னிக்குப் பளபளன்னு இருக்கும். வெடிப்பு அப்புறம்தான் விழும்."

"அந்தப் பய மட்டும் கையில கிடைக்கட்டும்!"

"கிடைச்சா?"

"உன் முன்னால உக்கார வச்சு, அவன் கெடுத்த அத்தனையையும் அவன் கையாலயே சரிபண்ண வைப்பேன். இப்ப எனக்கு முறையாக் கழுவக் கத்துக்கொடு."

"உள்ள பாத்து வாங்கலியா?"

"உத்துப் பாத்தா விலையைக் கூட்டிருவான்லா. மேல புதுப் பெயிண்டு வேற. பாதி விலைக்கு அடிச்சேன்."

ஷமீமா பெட்டியின் ஒயரை இழுத்தாள். வேலை முடியும்வரை யாரும் செருகிவிடாதபடி, பிளக்கைக் கொடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஒயர் அவ்வளவு தூரம் எட்டியது. போட்டுக்கொண்டார்.

"படக்குழாய் பக்கம் கை போகக்கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதுல கரண்டு நிக்கும். பட்டனையும் குச்சியையும் தனியாக் கழட்டணும். சுவிட்சை எடுத்துட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் சோப்புத் தண்ணியில. ஈரம் சுத்தமாக் காயணும்."

"இவ்வளவுதானா? இதுக்கா அந்த நாய்க்குச் சோம்பல்?"

"பட்டன் பலகையைக் கழட்டித் திருப்புங்க அண்ணாச்சி."

ஸ்குரூவைக் கழற்றிப் பலகையைத் திருப்பினார்.

அடிப்பக்கம், குச்சிக்குப் பக்கத்தில், நகப் பாலிஷில் ஒரு நீலப் பொட்டு.

விற்ற சாமானில் வேறு பாகத்தை மாட்டி எவனும் திருப்பிக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று பழைய சாமான்காரர்கள் வைக்கிற அடையாளம் அது. கடைக்கு ஒரு நிறம். பஜாரில் நீலம் ஒரே ஒரு கடைக்குத்தான்.

அந்தக் கடையில் பொட்டு வைத்தவள் முதலாளியின் மனைவி. வலது கையால்.

கோமதிநாயகம் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்; அவர் என்றோ விற்ற பெட்டிதான் புதுப் பெயிண்டு பூசிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

ஷமீமா பிளாஸ்டிக் முக்காலியை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.

"ஆளு கிடைச்சாச்சு."

"தாயி..."

"வெடிச்ச பட்டனைக் கழுவி என்ன செய்ய? இதுக்குப் புதுசு மாட்டிருவேன்." முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "நீலப் பொட்டு வச்ச பெட்டி இன்னும் எத்தனை இடத்துல கிடக்கு? எத்தனை பேரு விரலை வச்சு அமுக்கிட்டு இருக்காங்க? அந்தத் தின்னர் ஊத்தின பயலைப் போகச் சொல்லுங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் இங்க கொண்டாரச் சொல்லுங்க!"