மெத்தையில் போன தேர்வு

வினோலியா ஓடுவது நானூறு மீட்டர். மாவட்ட அணியில் ஒரே ஒரு இடம் காலி. ஆனால் ஒரு மாதமாகக் கடைசி நூறு மீட்டரில் கால் கல்லாகிவிடுகிறது.

தேர்வு அன்று காலை, பயிற்சி தரும் பேச்சி மிஸ்ஸிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“மிஸ், தூங்காம ஓடிப் பழக முடியாதா?”

என்ன சாப்பிட்டாய் என்று மிஸ் கேட்டார். டீ என்றாள். அதோடு? இன்னொரு டீ. காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது, மதியம் வகுப்பில் தலை தொங்குகிறது, சாயங்காலம் அகோரப் பசியில் இரண்டு பாக்கெட் சிப்ஸ். எல்லாவற்றையும் சொன்னாள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒன்றைச் சொல்லத்தான் நேரமாயிற்று. அம்மாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். ஒரு மணிக்கு டீ பிரேக், பத்து நிமிஷம். அப்போதுதான் அம்மா கூப்பிடுவாள். அதற்காக வினோலியா ஹாஸ்டல் போர்வைக்குள் போனைப் பிடித்தபடி விழித்துக் கிடப்பாள். “தூக்கத்துல எழுப்பிட்டேனாடி?” என்று அம்மா கேட்பாள். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று இவள் சொல்வாள். தினமும் இதே பொய். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் இவளுக்கு நாளே இல்லை.

மிஸ் திட்டவில்லை. மணி ஆறரைதான், தேர்வு ஒன்பதுக்கு, அதுவரை உயரம் தாண்டும் மெத்தையில் உட்கார் என்றார். உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்தாள்.

கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மைதானத்தில் ஆளில்லை. பக்கத்தில் மிஸ் மட்டும், கையில் போனோடு.

“தேர்வு?”

“முடிஞ்சிருச்சு. கோமதியை எடுத்துட்டாங்க.”

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

“ஒரு தட்டு தட்டியிருந்தா எந்திரிச்சிருப்பேன்ல? என்ன மிஸ் நீங்க?”

“ஷிப்ட் முடிஞ்சிருக்கும்னு எட்டு மணிக்கு உங்கம்மாவைக் கூப்பிட்டேன். தூங்குறா, ஒன்பதுக்குத் தேர்வு, எழுப்பிக் குடுக்கவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க.”

“வேற என்ன சொன்னாங்க?”

“போனை உன் மூக்குகிட்ட வைக்கச் சொன்னாங்க. நீ தூங்குற மூச்சைக் கேட்டு ரெண்டு வருஷமாச்சாம். ஒன்பதரை வரைக்கும் அவங்க கட் பண்ணல.”